போர்ச் செய்தியும் அயலார் வாழ்வும்

(தமிழ் மன்றத் திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

  

கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் போர் மூளுகின்றது. அந்நாட்டைத் தம் வாழ்நாளில் ஒருமுறையும் கண்டிராத ஒருவர், இப்பால் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளை விரிக்கின்றார். முதற் பக்கத்தில் எரிகின்ற வீடு ஒன்றின் படம் உள்ளது. உடனே அவருள்ளத்தில் அந்நாடு முழுமையும் எரியத் தொடங்கிவிடுகின்றது. அங்கும் ஒரு தாய் காலையில் உலை வைப்பாள், ஒரு சிறுவன் பள்ளிக்குப் போக மறுத்து அழுவான், ஒரு கடைக்காரன் கடன் கணக்கை எழுதிக் கொண்டிருப்பான் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றுவதே இல்லை. மறுநாள் அதே தாளில் அந்நாட்டு மக்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வருகின்றது. ‘அங்கே பெருந்துன்பம் ஒன்றும் இல்லை போலும்’ என்று அவர் தாளை மடித்து வைத்துவிடுகின்றார். படமே வராத நாளிலோ, அந்நாடே அவருக்கு இல்லாமற் போய்விடுகின்றது.

இம்மூன்று எண்ணங்களில் ஒன்றையேனும் அவர் தாமாக எண்ணியதில்லை. மூன்றும் அவருக்கு எண்ணித் தரப்பெற்றவை. அதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. எரியும் வீட்டின் படமும் பொய்யன்று. சிரிக்கும் மக்களின் படமும் பொய்யன்று. பொய்ச் செய்தியை இனங்காண்பது எளிது. ஒருநாள் இல்லாவிடினும் மறுநாள் அதன் சாயம் வெளுத்துவிடும். உண்மையான செய்திகளுள் ஒன்றை எடுத்து முன்னே வைத்து, மற்றொன்றைப் பின்னே தள்ளி, இன்னொன்றை அடியோடு மறைத்துவிடும் திறம் இருக்கின்றதே, அதனை இனங்காண்பதுதான் அரிது. போர்க்காலத்தில் அயல்நாட்டு வாழ்வைப் பற்றி உலகம் கொண்ட கருத்துகளிற் பெரும்பாலன இத்திறத்தால் உருவானவையே.

இதனைத் தெளிவாக ஆராய்வதற்கு இரண்டாம் உலகப் போரே தக்க களமாகும். அப்போரின் அரசு ஆவணங்களும் நாட்குறிப்புகளும் இன்று பெரும்பாலும் திறந்து கிடக்கின்றன. அன்று சொல்லப்பட்டது எது, மறைக்கப்பட்டது எது என்பவற்றை ஒத்திட்டுப் பார்க்க இயலும். அப்போரில் ஒரே காலத்தில் துன்புற்ற மூன்று இடங்களை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, உலகம் முழுவதும் கண்ட இலண்டன். மற்றொன்று, காலந்தாழ்ந்து கண்ட வங்கம். மூன்றாவது, எவரும் காணாத சயாம் நாட்டுக் காடு.

ஒரு படம், இரண்டு பொருள்

1940-ஆம் ஆண்டு செபுதம்பர் 7-ஆம் நாள் செருமானிய வானூர்திகள் இலண்டன் மீது பேரளவிற் குண்டு வீசத் தொடங்கின. அன்றுமுதல் 57 இரவுகள் இடையறாது அந்நகர் தாக்கப்பெற்றது. தாக்குதல் 1941 மே வரை நீண்டது. பிரித்தானிய நாட்டில் அவ் எட்டுத் திங்களிலும் மாண்ட பொதுமக்கள் ஏறத்தாழ 43,000 பேர். அவர்களுட் பாதிக்கு அண்மையோர் இலண்டன் வாழ்நர்.

அவ்வாண்டு திசம்பர் 29-ஆம் நாள் இரவு, நகரின் பழம்பகுதி தீக்குண்டுகளுக்கு இரையாயிற்று. அவ்வேளை தேம்சு ஆற்றில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருந்ததால் தீயணைப்போர் போதிய நீரின்றித் தவித்தனர். நூல் வெளியீட்டாளர் தெருவான பேட்டர்நாசுட்டர் தெருவில் மட்டும் ஏறத்தாழ 50 இலக்கம் நூல்கள் வெந்து சாம்பலாயின. அன்றிரவு ‘டெய்லி மெயில்’ நாளிதழின் ஒளிப்படக்காரர் எர்பர்ட்டு மேசன், தம் அலுவலக மாடியில் நின்று, புகை விலகும் நொடிக்காகக் காத்திருந்தார். புகை விலகிற்று. தூய பவுல் பெருங்கோயிலின் குவிமாடம் தீயொளிக்கு நடுவே சிதையாமல் நின்றது. அவர் அதனைப் படம் பிடித்தார்.

திசம்பர் 31-இல் அப்படம் அந்நாளிதழில், போரின் தலைசிறந்த படம் என்னும் பாராட்டுடன் வெளிவந்தது. அதனைக் கண்ட ஆங்கிலர், ‘சுற்றிலும் எரிந்தாலும் இலண்டன் வீழவில்லை’ எனப் பெருமிதங்கொண்டனர். மூன்று கிழமைகள் கழிந்தபின், 1941 சனவரி 23-ஆம் நாள், பெர்லினிலிருந்து வெளிவந்த பெரியதொரு படக்கிழமை இதழ் அதே படத்தைத் தன் முகப்பில் இட்டது. அதனைக் கண்ட செருமானியர், ‘இலண்டன் எரிகின்றது’ என மகிழ்ந்தனர்.

ஒளிப்படக் கருவி ஒன்று, இரவு ஒன்று, படமும் ஒன்று. எனினும் ஓரிடத்தில் அது நகரின் உறுதிக்குச் சான்றாயிற்று; மற்றோரிடத்தில் அதன் அழிவுக்குச் சான்றாயிற்று. படத்தின் கீழே எழுதப்பெற்ற சொற்களே பொருளை முடிவு செய்தன. அன்றிரவு அத்தீயில் மாண்ட 160-க்கு மேற்பட்ட மக்களின் முகங்களோ, வீடிழந்தோர் மறுநாட் காலையில் என்ன உண்டனர் என்னும் செய்தியோ இரண்டு இதழ்களுக்கும் தேவைப்படவில்லை. வென்றோமா தோற்றோமா என்பதொன்றே அவற்றின் நாட்டமாயிருந்தது, வாழ்ந்தார்களா என்பதன்று.

தரையில் வைத்த ஒலிவாங்கி

ஆயினும் இலண்டன் மக்களின் அன்றாட வாழ்வை அயல்நாட்டார் செவிக்குக் கொண்டுசென்ற ஒருவரை இங்கே குறிப்பிடாமல் விடுதல் முறையாகாது. அவர் அமெரிக்க நாட்டுச் சி.பி.எசு. வானொலியின் செய்தியாளர் எட்வர்டு மரோ. ‘இது இலண்டன்’ என்னும் தொடக்கத்தோடு அவர் இரவுதோறும் பேசினார். 1940 ஆகசுட்டு 24-ஆம் நாள் இரவு, திரபால்கர் திடலருகே நின்று வானூர்தி எச்சரிக்கைச் சங்கொலியைக் கேட்பித்த அவர், அடுத்து ஒலிவாங்கியை நடைபாதைத் தரையில் தாழ்த்திப் பிடித்தார். கடலுக்கு அப்பால் இருந்தோர் கேட்டது வெடியோசையை அன்று. இருட்டில் பதுங்கிடம் நோக்கி விரையாமல், பதறாமல் நடந்து சென்ற மாந்தரின் காலடி ஓசையை!

அக்காலடி ஓசை செய்த வேலையைப் பல நூறு அறிக்கைகளும் செய்திருக்க இயலாது. அமெரிக்கா அன்று போரில் இறங்காத நாடு. ஐரோப்பியர் சண்டை தமக்கு எதற்கு என்று எண்ணியோர் அங்கே மிகப் பலர். மரோவின் பேச்சைக் கேட்டபின் இலண்டன் அவர்களுக்கு நிலப்படத்தில் உள்ள ஒரு புள்ளியாய் இல்லை. தம்மைப் போன்றே மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் மக்கள் வாழும் ஓர் ஊராயிற்று. இலண்டன் நகரை எங்கள் வீடுகளுக்குள்ளேயே எரியச் செய்தீர் என்னும் பொருள்படப் பாவலர் ஆர்ச்சிபால்டு மெக்லீசு 1941 திசம்பரில் அவரைப் பாராட்டினார். அவ்வாண்டு மார்ச்சிலேயே பிரித்தனுக்குப் போர்க்கருவிகளை வழங்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியிருந்தது. அதற்குக் கரணியங்கள் பல; அவற்றுள் இலண்டனிலிருந்து சென்ற குரலும் ஒன்று.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. மரோ நேர்மையாளர். ஆயினும் அவர் மாடிமேல் நின்று குண்டுவீச்சை நேரே சொல்லுதற்கு ஆங்கில அரசு முதலில் இசைவு தர மறுத்தது. தனக்கு அதனால் நன்மையுண்டு என்பதை உணர்ந்த பின்னரே இசைந்தது. அதே ஆண்டில் ‘இலண்டன் தாங்கும்’ என்னும் பொருள்தரும் பெயரோடு ஒரு குறும்படம் அமெரிக்கத் திரையரங்குகளிற் காட்டப்பெற்றது. அதில் பேசிய குரல் குவென்டின் இரேனால்டுசு என்னும் அமெரிக்கச் செய்தியாளருடையது. படத்தை எடுத்ததோ ஆங்கில அரசின் திரைப்படப் பிரிவு. ஓர் அமெரிக்கர் தம் நாட்டவர்க்குத் தாமே சொல்லும் நடுநிலைச் சான்று போலவே அது காட்டப்பெற்றது. உண்மை பேசுவோன் குரலும், அதற்கு வாயில் திறந்துவிடுவோன் கணக்கும் வேறு வேறு என்பதைச் செய்தி கேட்போர் நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

நூற்றுக்கு நால்வர்

குண்டுவீச்சுக்கால இலண்டன் என்றவுடன் இன்றும் உலகினர் உள்ளத்தில் எழும் காட்சி எது? நிலத்தடித் தொடர்வண்டி நிலையங்களில் வரிசை வரிசையாகப் படுத்துறங்கும் மக்கள். ஒளிப்படங்களும், சிற்பி என்றி மூர் வரைந்த ஓவியங்களும் அக்காட்சியை நிலைநிறுத்திவிட்டன. ஆனால், 1940 நவம்பர்த் தொடக்கத்தில் அரசே எடுத்த கணக்கு வேறு கூறுகின்றது. அந்நிலையங்களில் உறங்கியோர் நூற்றுக்கு நால்வரே. பொதுப் பதுங்கிடங்களில் ஒன்பதின்மர். வீட்டுத் தோட்டத்திலும் வீட்டினுள்ளும் அமைத்த காப்பிடங்களில் இருபத்தெழுவர். எஞ்சிய அறுபதின்மர் தத்தம் வீட்டிலேயே, படிக்கட்டின் அடியிலோ படுக்கையிலோ இரவைக் கழித்தனர். அல்லது இரவுப் பணியில் இருந்தனர். அறுபதின்மரின் வாழ்வு படமாகவில்லை. நால்வரின் வாழ்வு படமாயிற்று. அந்நால்வரே இலண்டன் ஆயினர்!

அந்நால்வர் கதையிலும் ஒரு பாதியே சொல்லப்பெற்றது. தொடக்கத்தில் அந்நிலையங்களைப் பதுங்கிடமாக்க அரசு இசையவில்லை. ஏழை மக்கள் மலிவான பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே சென்று, வெளிவர மறுத்து, தாமே அவ்வுரிமையைப் பெற்றனர். நகரின் கீழ்ப்பகுதித் தொழிலாளர் சிலர், 1940 செபுதம்பர் 14-ஆம் நாள் இரவில், செல்வர் தங்கும் சவாய் விடுதியின் பதுங்கிடத்துட் புகுந்து, எங்களுக்கு மட்டும் காப்பிடம் இல்லையா என வினவினர். எல்லாரும் ஒன்றுபோல் துன்பத்தைத் தாங்கினர் என்னும் அழகிய கதைக்குள் இந்நிகழ்ச்சி அடங்கவில்லை. ஆதலின் அது பின்னே தள்ளப்பெற்றது.

இடிபாடுகளுக்கு நடுவே பாற்புட்டிகளை ஏந்திப் புன்முறுவலோடு நடந்துவரும் பால்காரரின் படம் உலகறிந்தது. பிரெட்டு மோர்லி என்பவர் 1940 அக்டோபர் 9-ஆம் நாள் எடுத்த படம் அது. படத்தில் இருப்பவர் பால்காரரே அல்லர். இரவலாகப் பெற்ற சட்டையை அணிந்த ஒளிப்பட உதவியாளர் என்று பிற்காலத்திற் கூறப்பெற்றது. வெறும் இடிபாடுகளைக் காட்டும் படங்களைத் தணிக்கையாளர் தடுத்ததால், அவ்விடிபாடுகளின் முன்னே ஒரு பால்காரரை நடக்கவிட வேண்டியதாயிற்று. இதனால் இலண்டனிற் பால்காரரே வரவில்லை என்று கொள்ளற்க. மெய்யான பால்காரர்கள் நாள்தோறும் வந்தனர். படம் நடிப்பு, அது காட்டிய வாழ்வு நடிப்பன்று. ஆனால் அப்படத்திற்கு இடந்தந்த தணிக்கை, வேறு பலவற்றிற்கு இடந்தரவில்லை.

1943 மார்ச்சு 3-ஆம் நாள் இரவில் பெத்துனால் கிரீன் நிலத்தடி நிலையத்திற்குள் விரைந்த மக்கள், படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மூச்சடைத்து மாண்டனர். 173 உயிர்கள், அவற்றுள் 62 சிறுவர் சிறுமியர் உயிர்கள். அங்கே ஒரு குண்டும் விழவில்லை. செய்தித்தாள்கள் இரண்டு நாள் கழித்து, ஊர்ப்பெயர் இன்றி அதனைச் சொல்லின. உசாவல் அறிக்கையோ 1945 வரையிற் பூட்டிவைக்கப்பெற்றது. ‘இலண்டன் தாங்கும்’ என்று கேட்ட உலகம், இலண்டன் தாங்காத அவ்விரவைக் கேட்கவில்லை.

வங்கத்தில் தடுக்கப்பட்ட சொல்

அதே 1943-ஆம் ஆண்டு. அதே பிரித்தானிய அரசின் ஆட்சிக்குட்பட்ட மற்றொரு நிலம். சப்பானியர் 1942 மார்ச்சில் இரங்கூனைக் கைப்பற்றியதால் பருமா அரிசி வங்கத்திற்கு வருவது நின்றது. பகைவர் கைக்குப் போய்விடும் என்று கடற்கரை மாவட்டங்களில் படகுகளையும் நெல்லையும் அரசே அகற்றிற்று. அவ்வாண்டு அக்டோபரில் மேதினிபுரிப் பகுதியைப் பெரும்புயல் தாக்கிற்று. போர்ச் செலவால் விலைகள் ஏறின. வாங்க இயன்றோர் வாங்கிக் குவித்தனர். நிலமற்ற உழவுக் கூலிகளும் மீனவரும் சிறுகைவினைஞரும் அரிசியின் பக்கம் நெருங்க இயலாமற் போயினர். கப்பல் வழியே தவசம் வேண்டி இந்திய அரசு விடுத்த வேண்டுகைகள் இலண்டனில் பலமுறை மறுக்கப்பெற்றன அல்லது குறைக்கப்பெற்றன. 1944 வரையில் பசியாலும் அதனைத் தொடர்ந்த நோயாலும் மாண்டோர் ஏறத்தாழ 15 இலக்கம் என அரசின் உசாவற் குழு கணித்தது. பிற்கால ஆய்வாளர் பலர் 30 இலக்கம் வரை கணிக்கின்றனர். குண்டுவீச்சில் பிரித்தன் இழந்த உயிர்களோடு அவ்வெண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஆனால் அவ்வரசு ‘பஞ்சம்’ என்னும் சொல்லை முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்திருப்பின் பஞ்சச் சட்டத்தின்படி கஞ்சித்தொட்டிகளும் உதவிப் பணிகளும் திறந்தாக வேண்டும். ஆகவே ‘உணவுத் தட்டுப்பாடு’ என்றனர். கல்கத்தாத் தெருவில் வீழ்ந்து கிடந்தோரை ‘நோயுற்ற வறியோர்’ என்றனர். பெயரை மாற்றியவுடன் பொருளும் மாறிவிடுகின்றது. பஞ்சம் என்றால் ஆள்வோன் விடை சொல்லியாக வேண்டும். வறியோர் என்றால் அது வறியவன் விதி என்று கைகழுவிவிடலாம். சொல்லாட்சி புலவர்க்கு மட்டுமே உரியதோர் ஆராய்ச்சி என்று எள்ளுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. ஒரு சொல்லைத் தடுத்ததால் ஓர் உலையும் தடுக்கப்பட்டது.

கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘சுடேட்சுமன்’ ஆங்கில நாளிதழின் ஆசிரியர் இயான் சுடீபன்சு ஆங்கிலரே. அவர் இதழும் ஆட்சியினர்க்கு அணுக்கமான இதழே. எனினும் தெருவில் தாம் கண்டதை மறைத்துவைக்க அவர் உள்ளம் ஒப்பவில்லை. 1943 ஆகசுட்டு 22-ஆம் நாள், எலும்பும் தோலுமாய்க் கிடந்த தாய்மாரையும் பிள்ளைகளையும் காட்டும் ஒளிப்படங்களை அவர் வெளியிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வெளியிட்டார். அதன் பின்னரே தில்லி விழித்தது. இலண்டனும் வாசிங்டனும் திரும்பிப் பார்த்தன. அவ்வாண்டு அக்டோபரில் பதவியேற்ற புதிய ஆளுநர் தலைவர் வேவல், உடனே கல்கத்தா சென்று, படையினரைத் துயர்துடைப்புப் பணியில் இறக்கினார். ஆனால் அதற்குள் எத்தனை ஊர்கள் பாழாய்விட்டன!

ஓவியர் சித்தபிரசாத் அந்நவம்பரில் மேதினிபுரிச் சிற்றூர்கள் வழியே நடந்து, கண்டோரைக் கண்டவாறே வரைந்தார். ‘பசித்த வங்கம்’ என்னும் பொருள்தரும் பெயரோடு அவர் வெளியிட்ட சிறுநூலின் 5,000 படிகளையும் அரசு கைப்பற்றி எரித்தது. குடும்பத்தார் காத்து வைத்த ஒரு படி பிழைத்தது. அவர் ஓவியங்களின் சிறப்பு, அவற்றில் உள்ளோர் வெறும் எலும்புக்கூடுகளாய் இல்லாமையே. அவர்களுக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, செய்த தொழில் இருந்தது. பசிக்கு முன் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் அவர் உசாவி எழுதினார்.

அக்காலத்தில் வங்கத்திலே ஒன்பது அகவைச் சிறுவனாக அக்காட்சிகளைக் கண்டவர் பொருளியலறிஞர் அமார்த்திய சென். உரிமையோடு இயங்கும் செய்தித்தாள்களும் மக்களாட்சியும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்று அவர் பிற்காலத்தில் நிறுவிய கருத்து, இந்நிகழ்ச்சியோடு ஒட்டியதே. செய்தி வயிற்றை நிரப்பாது என்பர். வங்கத்தில் அது உரிய காலத்தில் வந்திருப்பின் பல்லாயிரம் வயிறுகள் நிரம்பியிருக்கும்.

மொழி தமிழ்; தேர்ந்த கை வேறு

இனி மூன்றாவது இடம். இங்கேதான் இச்செய்தி தமிழர் வீட்டு வாயிலுக்கே வந்து நிற்கின்றது.

1942 பிப்பிரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்தது. அன்றோடு மலையாவுக்கும் தமிழகத்திற்கும் இடையே அஞ்சல் அறுந்தது. மூன்றரை ஆண்டுகள் மடலும் இல்லை, பணமும் இல்லை. தஞ்சையிலும் திருச்சியிலும் இராமநாதபுரத்திலும் சேலத்திலும் இருந்த எத்தனையோ வீடுகள் அக்கரையில் உள்ள மகனைப் பற்றி ஒருசொற் கேளாமற் காத்துக் கிடந்தன. செய்தி கேட்க விரும்பினோர்க்கு வானொலி மட்டுமே இருந்தது. இலண்டன் வானொலி 1941 முதற்கொண்டே தமிழிற் பேசிற்று. எதிரணி வானொலியும் தமிழிற் பேசிற்று. ஒன்று, மலையாவை மீட்போம் என்றது. மற்றொன்று, ஆசியா விடுதலை பெறுகின்றது என்றது. இரண்டிலும் மொழி தமிழாயிருந்தது. செய்தியைத் தேர்ந்த கை தமிழர் கையன்று.

அந்நாட்களில் மலையாத் தோட்டங்களில் நிகழ்ந்தது என்ன? சயாமையும் பருமாவையும் இணைக்க 415 அயிரமீட்டர் (கி.மீ.) நீள இருப்புப்பாதையைச் சப்பானியப் படை காட்டையும் மலையையும் குடைந்து அமைத்தது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் அது முடிந்தது. போர்ச்சிறையராகப் பிடிபட்ட ஆங்கிலர், ஆத்திரேலியர், தச்சுக்காரர், அமெரிக்கர் ஆகியோர் 60,000-க்கு மேற்பட்டோர் அங்கே உழைத்தனர். 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களோடு ஆசியத் தொழிலாளர் 1,80,000-க்கு மேற்பட்டோர் உழைத்தனர். ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என மதிக்கப்பெறுகின்றது. அத்தொழிலாளருள் மலையாவிலிருந்து சென்றோர் 70,000-க்கு மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பான்மையர் தோட்டத் தமிழர். நல்ல கூலி, சில திங்கள் வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டோரும் உண்டு. வலிந்து பிடித்து வண்டியில் ஏற்றப்பட்டோரும் உண்டு. மனைவி மக்களோடு சென்றோரும் இருந்தனர். மழைக்காலத்தில் காலரா என்னும் கொள்ளைநோய் அவர்கள் குடிசைகளை வரிசை வரிசையாக வாரிக்கொண்டு போயிற்று. மருத்துவரும் இல்லை, ஒழுங்கான பெயர்ப்பட்டியலும் இல்லை.

போர் முடிந்தது. சிறையர் நாடு திரும்பினர். மறைத்து வைத்திருந்த நாட்குறிப்புகளையும் ஓவியங்களையும் வெளிக்கொணர்ந்தனர், நூல்கள் எழுதினர். பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் 1952-இல் அப்பாதையை வைத்து ஒரு புதினம் எழுதினார். அது 1957-இல் திரைப்படமாகி, சிறந்த படத்துக்கான ஆசுகர் பரிசை வென்றது. குவாய் ஆற்றுப் பாலம் உலகம் அறிந்த பெயராயிற்று. படம் எடுக்கப்பெற்றது எங்கே தெரியுமா? இலங்கையில், கித்துல்கலை என்னும் ஊரில். ஆயினும் அப்படம் சொன்ன கதை சிறைப்பட்ட படைஞர் கதை. இன்று காஞ்சனபுரி சென்றால், பெயர் பொறித்த ஏறத்தாழ 7,000 கல்லறைகள் புல்வெளி நடுவே ஒழுங்காக நிற்பதைக் காணலாம். அவை அங்ஙனம் காக்கப்பெறுவது நன்றே. இறந்தோர்க்கு அஃது உரியதே. ஆனால் அவ்வரிசையில் தோட்டத் தமிழனின் பெயர் ஒன்றும் இல்லை.

ஏன்? அவன் துன்பம் குறைந்ததாலா? இல்லை. அவனைப் பற்றி எழுதுவோர் இல்லாததாலும், எழுதிவைக்க அவனுக்கு எழுத்தறிவு தரப்பெறாததாலும், மீண்டு வந்தோரிடம் சென்று கேட்டு எழுதும் பொறுப்பைத் தமிழுலகம் உரிய காலத்தில் ஏற்காததாலும்! மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண இரயில்’ என்னும் புதினத்தை எழுதினார். பிறர் சிலரும் முதியோரைத் தேடிச் சென்று கேட்டுப் பதிவு செய்தனர். அவர்கள் செய்தது பெரும்பணி. ஆனால் அதற்குள் சான்று கூற வேண்டியோரிற் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர்.

கேட்போர் கடமை

இம்மூன்று இடங்களும் ஒன்றையே கற்பிக்கின்றன. துன்பத்தின் அளவிற்கும் செய்தியின் அளவிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. செய்தியாளன் எங்கே நிற்க இசைவு பெற்றானோ, அங்கே உள்ள வாழ்வே உலகத்திற்கு வாழ்வாகத் தெரிகின்றது. அண்மைக் காலத்திலும் இது மாறவில்லை. 2008 செபுதம்பரில் இலங்கை அரசின் ஆணையால் ஒன்றிய நாடுகள் அவையின் பணியாளர் வன்னியை விட்டு வெளியேறினர். சார்பற்ற செய்தியாளர்க்கு அங்கே வழி அடைக்கப்பெற்றது. 2009 மே வரையில் உள்ளே நிகழ்ந்தவற்றை, மருத்துவர் சிலர் தொலைபேசியிற் சொன்ன எண்களைக் கொண்டும், அங்கிருந்தோரே எடுத்தனுப்பிய படங்களைக் கொண்டுமே உலகம் அறிய வேண்டியிருந்தது. மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்று அவ்வவையின் வல்லுநர் குழு சொன்னது 2011-இல். வங்கத்திற்கு வந்த ஒளி சில திங்கள் பிந்தி வந்தது; வன்னிக்கு வந்த ஒளி ஈராண்டு பிந்தி வந்தது.

ஆகவே, அயல்நாட்டுப் போர்ச் செய்தியைப் படிக்குந்தோறும் தமிழர் தம்முள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உள. இப்படத்தை எடுத்தவர் எவர். எடுக்க இசைவு தந்தவர் எவர்? இதில் காட்டப்பெறுவோர் நூற்றுக்கு நால்வரா, அறுபதின்மரா? இதன் கீழ் உள்ள சொல்லை எடுத்துவிட்டு வேறொரு சொல்லை வைத்தால் பொருள் மாறுமா? இவ்வூரில் குண்டு விழாத தெருவில் இன்று என்ன நடக்கின்றது? இதே நாளில் படமே வராத ஊர் எது? இவ்வினாக்களையெல்லாம் கேட்போர், எரியும் வீட்டைக் கண்டு ஒரு நாட்டையே சுடுகாடு என்று எண்ணார். சிரிக்கும் முகத்தைக் கண்டு துயரமே இல்லையென்றும் எண்ணார். அயல்நாட்டில் வாழும் தம் பிள்ளைகளைப் பற்றி ஒரே ஒரு படத்தைப் பார்த்துப் பதறவும் மாட்டார்.

வினவுதலோடு நின்றுவிடுதல் போதாது. பருமாவிலிருந்தும் மலையாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போர்க்காலத்தில் மீண்டு வந்த முதியோர் சிலர் இன்னும் ஊர்களில் இருக்கக்கூடும். அவர்தம் மக்களும் பேரரும் எங்கும் உள்ளனர். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய மடல்களும் கடவுச்சீட்டுகளும் மங்கிய படங்களும் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் சென்று, ஊரும் பேரும் ஆண்டும் பிழையின்றி, நல்ல தமிழில் எழுதிவைத்தல் இளையோர் கடன். மிகைப்படுத்தவும் வேண்டா, அழகுபடுத்தவும் வேண்டா. அவர்கள் என்ன உண்டனர், எங்கே உறங்கினர், எவ்வழியே நடந்தனர் என்பவற்றை உள்ளவாறே எழுதினாற் போதும்.

இலண்டன் நடைபாதையில் ஒருவர் ஒலிவாங்கியைத் தரையருகே பிடித்தார். அங்கே நடந்தவர்களின் காலடி ஓசை இன்றளவும் கேட்கின்றது. சயாம் காட்டுப் பாதையில் நடந்த தமிழர் காலடிகள் அதனினும் பலவாயிரம். அங்கே தரையருகே ஒன்றும் பிடிக்கப்படவில்லை. அவ்வோசையில் எஞ்சியிருப்பது எத்துணைச் சிறிதாயினும், அதனைக் கேட்டு எழுதும் செவியும் கையும் இங்கிருந்தே எழுதல் வேண்டும்.